எட்டு கோர்களும் ஒரு பதிலும்

வேலையை எட்டாகப் பிரித்து, கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்களுக்கும் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்ததாகத் திரை காட்டியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடையைக் காட்டச் சொன்னதும் சாயம் வெளுத்தது. ஒரே ஒரு கோர் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஏழும் சும்மா கிடந்தன. நான் புரோகிராம் எழுதிய இந்தப் பாழாய்ப்போன மொழி, யாராவது விடையைக் கேட்கும்வரை கணக்கைப் போடாது. "அப்புறம் போட்டுத் தருகிறேன்" என்று வாக்கு மட்டும் கொடுக்கும். எட்டும் எனக்குக் கொடுத்தது அந்த வாக்கைத்தான்; விடையைக் கேட்டதும் மொத்தக் கணக்கும் ஒன்றின் தலையில் விழுந்தது. "இப்போதே போடு" என்று கட்டாயப்படுத்தும் ஒரு சொல்லை எழுத மறந்து தொலைத்திருந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன். காலையிலேயே ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பையோடு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க அக்காவும் பாத்துக்கறேன்னா. தம்பியும் பாத்துக்கறேன்னான். நீயும் சொன்னே. இப்ப யாருப்பா வர்றது?"

மேனேஜர் நகரவில்லை. திரையில் அந்த ஒற்றைக் கோர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பாத்துக்கறேன்ப்பா."

"அதைத்தானே காலையிலயும் சொன்னே," என்றார் அப்பா.