சங்கு ஊதவில்லை

முப்பத்தொரு விடைத்தாளையும் திருத்தி முடிப்பதற்குள் ஹெப்சிபாவின் டிபன் பாக்ஸில் ரசம் சாதம் ஊறி உப்பிப் போயிருந்தது. ஸ்டாஃப் ரூம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏழாம் வகுப்பின் பின்பக்கம், உடைந்த பெஞ்சுகளை அடுக்கிய மூலையில் ஒரு மேசை, அவ்வளவுதான். மூன்றாவது கேள்விக்கு நாலே பேர் சரியாக எழுதியிருந்தார்கள். இருபத்தேழு பேர் தப்பு. அதுவும் அத்தனை பேரும் ஒரே தப்பு.

பத்தி ஒன்றும் கஷ்டமில்லை. "காலை எட்டு மணிக்கு ஆலையின் சங்கு ஒலித்தது. மக்கள் சாப்பாட்டுத் தூக்குடன் வீடுகளிலிருந்து விரைந்து வெளியே வந்தனர். தெருவெங்கும் ஒரே ஆரவாரம்." மக்கள் ஏன் வெளியே வந்தனர் என்பது கேள்வி. வேலைக்குச் செல்வதற்காக என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். "கேஸ் லீக் ஆயிடுச்சு" என்று எழுதியிருந்தான் அபின். "மூச்சு விட முடியாததால்" என்றிருந்தாள் மகிமா. தாஹிரா வழக்கம்போல நீட்டி முழக்கியிருந்தாள்: "சங்கு ஒலித்ததால் மக்கள் ஓடி வந்தனர். ஆனால் ஈரத்துணியை எடுக்காமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வந்தது அவர்கள் செய்த தவறு."

ஹெப்சிபாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் காலையில் தலைமையாசிரியர் லூர்து சொன்னது ஞாபகத்துக்கு வர, டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"டீச்சர், தாளாளர் கறாரா சொல்லிட்டாரு. வெளியிலேர்ந்து ஆள் வந்து வாசிப்புத் தேர்வு வெக்கப் போறாங்க. ஏழாங்கிளாஸ்ல பாதிப் பேராவது தேறணும். இல்லன்னா தற்காலிகமா இருக்கிறவங்கள மொதல்ல பாத்துக்கலாம்னாரு."

அந்தப் பள்ளியில் தற்காலிகமாக இருப்பது அவள் ஒருத்திதான். ஆறு வருஷமாகத் தற்காலிகம். வீட்டில் புருஷன் லூயிஸ், கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும்போது விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்து எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான். இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. யோசிக்காமல் விடைத்தாள்களைக் கட்டி வைத்தாள்.

பிள்ளைகள் மேல் எப்படிக் குறை சொல்ல முடியும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியில் கேஸ் கசிந்து சங்கு ஊதியது. நைட்டியோடும் லுங்கியோடும் தெருவே ஓடியது. தாஹிராவின் அத்தா கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் சங்கு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் பத்தியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

"செங்குட்டுவா, வாசி."

செங்குட்டுவனின் நைனா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். பையன் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பான். "ஆ... ஆலை... யின் சங்கு..." என்று வியர்த்து விறுவிறுத்து முடிப்பதற்குள் வகுப்பே அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதுல கேஸுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் எப்படி கேஸ் லீக்குன்னு எழுதினீங்க?"

"சங்கு ஊதுதில்ல மிஸ்?" என்றான் அபின். இது என்ன கேள்வி என்பதுபோல இருந்தது அவன் முகம்.

"கையில சாப்பாட்டுத் தூக்கு இருக்கு. மணி எட்டு. ஆரவாரம்னு போட்டிருக்கு, அலறல்னு போடல. இதையெல்லாம் வெச்சுப் பாக்கணும். சாப்பாடு கட்டிக்கினு எங்க போவாங்க?"

"வேலைக்கு," என்றார்கள் பத்துப் பேர்.

தாஹிரா எழுந்தாள். "மிஸ், இத்த எழுதுனவங்களுக்கு சங்கு ஊதுனா இன்னா ஆவும்னு தெரியாதா?"

"அவங்க ஊர்ல சங்கு வேலைக்குக் கூப்பிடுறதுக்கு ஊதும்."

"அது எந்த ஊரு மிஸ்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஹெப்சிபாவும் சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. "இதோ பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சத செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வரணும். பத்தியில என்ன இருக்கோ அத மட்டும்தான் எழுதணும். அதுல இல்லாதது இல்ல. புரியுதா?"

"புரியுது மிஸ்."

மூன்று வாரம் இதே பாட்டுதான். பால்காரர் பத்தி, திருவிழாப் பத்தி, மழைப் பத்தி. மழை பெய்தால் மகிழ்ச்சி என்று எழுத வேண்டும், வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று எழுதக் கூடாது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள். செங்குட்டுவன்கூட ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்துவிட்டு வெட்கத்தோடு உட்கார்ந்தான். அன்று ஹெப்சிபா வீட்டுக்குப் போகும் வழியில் லூயிஸுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜி வாங்கிப் போனாள்.

தேர்வு வைக்க வந்தவள் சின்னப் பெண். நிவேதிதா என்று கழுத்து அட்டையில் இருந்தது. நல்ல ஜலதோஷம் அவளுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே விதிகளை வாசித்தாள். நாற்பத்தைந்து நிமிஷம். பேசக் கூடாது. நடுவில் யாரும் வெளியே போகக் கூடாது, போனால் வகுப்பு மொத்தத்துக்கும் தேர்வு செல்லாது. ஹெப்சிபா பின்பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டாள். பாதிப் பேர் தேறிவிட வேண்டும் மாதாவே, பதினாறு பேர் போதும்.

இருபது நிமிஷம் போயிருக்கும். தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. முதலில் நிமிர்ந்தவன் செங்குட்டுவன். மூக்கைச் சுருக்கினான். அடுத்தது தாஹிரா. பிறகு ஜன்னலோரத்து வரிசை முழுக்க நிமிர்ந்தது. யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை, எல்லாரும் திரும்பி ஹெப்சிபாவையே பார்த்தார்கள்.

அவளுக்கும் வந்துவிட்டது அந்த வாசனை. மூக்கின் உச்சியில் ஊசி குத்தியதுபோல ஒரு நெடி.

தாஹிரா கையைத் தூக்கினாள். "மிஸ், வாசன வருது."

"பேசக் கூடாது," என்றாள் நிவேதிதா.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று அவளிடம் போனாள் ஹெப்சிபா. "கேஸ் வாசனை மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. மூக்கே அடைச்சிருக்கு. ஏதாவதுன்னா சைரன் அடிப்பாங்கதானே?"

அடிக்கத்தான் வேண்டும். ஹெப்சிபா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூட்ஸ் வண்டி போகிற சத்தம். காக்கா. சங்கு ஊதவில்லை. வெளியே ஓடி லூர்து சாரிடம் சொன்னாள். அவர் கம்பெனிக்கு போன் போட்டுப் பேசிவிட்டு, "ஒண்ணும் இல்லையாம். வழக்கமான பராமரிப்பு வேலையாம். பயப்பட வேணாமாம். நீங்க போயி தேர்வ முடிங்க டீச்சர்," என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

திரும்பி வந்தாள். முப்பத்தொரு முகமும் அவளுக்காகக் காத்திருந்தது.

"ஒண்ணும் இல்லையாம். எழுதுங்க," என்றாள்.

எழுதினார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுதினார்கள். பத்தியில் இல்லாதது இல்லை என்று சொன்னவள் அவள்தானே. பாவி, என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்தும் நின்றாள். இன்னும் பதினைந்து நிமிஷம். பன்னிரண்டு. லூயிஸின் முகம் வந்தது, வீட்டு ஓனரம்மா முகம் வந்தது. தொண்டை எரிந்தது.

பத்து நிமிஷம் இருக்கும்போது மகிமா விடைத்தாள் மேலேயே வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, "சாரி மிஸ்," என்றாள்.

"எந்திரிங்க!" ஹெப்சிபாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "எல்லாம் எந்திரிங்க! வெளிய ஓடுங்க!"

"மேடம், நடுவுல போனா செல்லாது..."

"செல்லாட்டிப் போவட்டும்! நீயும் வா!"

தண்ணீர் பாட்டில்களைத் திறந்து கர்ச்சீப், துப்பட்டா, கையில் கிடைத்ததையெல்லாம் பிள்ளைகளே நனைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாஹிரா தன் துப்பட்டாவை நனைத்து நிவேதிதாவின் மூக்கில் அழுத்தினாள். மற்ற வகுப்புகளும் திமுதிமுவென்று இறங்கின. ஹெப்சிபா மகிமாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "கடல் பக்கம் ஓடுங்க!" என்று கத்தினாள்.

"வேணா மிஸ்!" செங்குட்டுவன் குறுக்கே வந்து நின்றான். சர்ச் உச்சியில் அடித்துக்கொண்டிருந்த கொடியைக் காட்டினான். "கச்சான் காத்து மிஸ். மேக்கால இருந்து அடிக்குது. கேஸு கடலுக்குத்தான் போய்கினு கீது. நாம தெக்கால ஓடணும், வாங்க!"

அவன் முன்னால் ஓட, பள்ளி மொத்தமும் அவன் பின்னால் ஓடியது. அரை மைல் தள்ளி, வலை காயப்போடுகிற மணல் மேட்டில் போய் விழுந்தார்கள். ஹெப்சிபா மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் முப்பத்தொன்று வந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். அதுவரைக்கும் சங்கு ஊதவே இல்லை.

மகிமா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். கம்பெனி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: வழக்கமான பராமரிப்புப் பணி, கசிவு எதுவும் ஏற்படவில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம். பிள்ளைகள் அதைப் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். அதில் கசிவு இல்லை என்றுதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் லூர்து சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. தேர்வு செல்லாது என்று கடிதம் வந்துவிட்டதாம். சங்கு ஊதாமலே பள்ளியைக் கலைத்ததால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று தாளாளருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்ததாம்.

"நீங்க ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தா வருஷக் கடைசி வரைக்கும் வெச்சுக்கிறாங்களாம். இல்லன்னா திங்கக்கெழமலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா."

"சார், நீங்களும் எங்ககூடதான் ஓடி வந்தீங்க."

அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஹெப்சிபா தாளைப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. காலையில் லூயிஸின் மாத்திரை அட்டையில் மூன்றுதான் மிச்சம் இருந்தது. பேனாவை எடுத்தாள்.

"நானே சொல்றேன், எழுதிக்கோங்க," என்றார் லூர்து சார். "மேற்படி நாளில் வாயுக் கசிவு எதுவும் ஏற்படாத நிலையில்..."

எழுதினாள். சாரின் முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக மேற்கிலிருந்து காற்று உள்ளே வந்தது. அவர் இருமினார். எழுந்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மேசைமேல் இருந்த சொம்புத் தண்ணீரில் கர்ச்சீப்பை நனைத்துப் பிழிந்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எதுவரைக்கும் வந்தீங்க?"

"'ஏற்படாத நிலையில்' சார்." அவளுக்கும் கண் எரிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

கர்ச்சீப்பை எடுக்காமலேயே அவர் அடுத்த வரியைச் சொன்னார். "நான் தவறாகப் புரிந்துகொண்டு..."