அப்பாவின் நினைவு மலரில் ஒரு கதவு

எங்கள் ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்கும் நினைவு மலரை நான்தான் எழுதுவேன். இருபது வருடமாக எழுதுகிறேன். என் மலர்களில் ஒருவரும் குடித்ததில்லை, மனைவிக்கு அடித்ததில்லை, வேலிக்காகச் சண்டை பிடித்ததில்லை. செத்தவரே வந்து வாசித்தாலும் யாரைப் பற்றியது என்று கேட்பார். இதையெல்லாம் நான் பாவமாக நினைக்கவில்லை. அழுகிற வீட்டில் உண்மைக்கு என்ன அவசரம்?

பிறகு என் அப்பா செத்தார்.

கோயில் மூப்பர் யோசேப்பு என்றால் மன்னார்த் தீவில் பலருக்குத் தெரியும். பெரிய வெள்ளியில் அவர் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடினால் சிறுபிள்ளைகளும் அசையாமல் இருப்பார்கள். எழுத நல்ல விசயங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் கதவையும் எழுதினேன்.

தொண்ணூறாம் ஆண்டு, துப்பாக்கியோடு ஊரை ஆண்ட இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. பக்கத்து வீட்டுச் சரீபாக்கா குடும்பத்தோடு வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து அப்பா அவர்களுடைய முன்கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். நல்ல முதிரை மரக் கதவு. அடியில் நாலு அங்குலம் அரிந்து எங்கள் அடுப்படிக் குசினியின் வாசலுக்குப் போட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் அரியும்போது கதவு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

இருபது வருடம் கழித்து அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். சரீபாக்கா நோன்புக் கஞ்சி கொண்டு வருவார். டிசம்பரில் நத்தாருக்கு எங்கள் பலகாரம் அங்கே போகும். கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னாரோ தெரியாது, எங்களிடம் சொல்லவில்லை.

கனடாவில் இருக்கும் தம்பி றெனால்ட், நான் அனுப்பிய பக்கங்களை வாசித்துவிட்டு உடனே கோல் எடுத்தான். மற்றவர்கள் முஸ்லிம் வீடுகளைக் கூரையோடு கழற்றிக் கொண்டுபோனார்களாம், அப்பா எடுத்தது ஒரு கதவுதானாம்.

"செத்த மனுசனை ஏனக்கா கள்ளனாக்கிறாய்?"

அது எனக்குச் சுட்டது. அவனைவிட நான்தான் அப்பாவோடு இருந்தவள், கடைசி ஆறு மாதமும் அவரைக் குளிப்பாட்டினவள். ஆனால் இதை யாரோ ஒருவர் என்றைக்காவது சொல்லத்தான் போகிறார். அவருக்கு அப்பாமேல் என்ன பாசம் இருக்கும்? நானே சொல்கிறேன். "நான் மாத்தமாட்டன்" என்றேன். அவன் கோலைத் துண்டித்துவிட்டான்.

அடுத்த நாள் மலர் அச்சுக்குப் போகவேண்டும். சரீபாக்காவுக்குக் காட்டாமல் கொடுக்க மனம் வரவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தவரைக் குசினியில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் வாசித்தேன். கடைசி வரி, "கதவின் சொந்தக்காரர்கள் இன்றுவரை இதை அறியாமலே எங்களோடு அன்பாக இருக்கிறார்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்" என்று இருந்தது.

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். எழும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"வந்த முதல் நாளே கண்டிட்டன்" என்றார். "பச்சை அடிச்சாப்போல என்ர கதவு எனக்குத் தெரியாதோ, பிள்ளை? கேட்டா உங்கட அப்பா தந்திருப்பார். பிறகு எங்கட முகம் பார்க்கமாட்டார். எனக்குக் கதவு வேணுமோ, பக்கத்து வீடு வேணுமோ எண்டு யோசிச்சன்."

மன்னிப்பை அச்சில் போட இருந்தேனே தவிர, முன்னால் இருக்கிற மனிசியிடம் வாயால் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். அழுகை வந்துவிட்டது. வேண்டாமென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எடுக்காத. ஆனா அறியாமல் எண்டு போடாத. எல்லாம் அறிஞ்சுகொண்டுதான் பதினைஞ்சு வருசமா இந்தக் குசினியில தேத்தண்ணி குடிக்கிறன். அது லேசான வேலையில்லை. அதையும் எழுது."

அவர் முன்னாலேயே அந்த வரியை வெட்டி, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, கீழே அவருடைய பெயரைப் போட்டேன்.