முழுக்கைச் சட்டை

"அந்த ஊசிய உங்க கூட வேற யாரு போட்டுக்கிட்டாங்க?" என்று ஆஸ்பத்திரி ஆலோசகர் கேட்டார். என் கணவர் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே, "டிங்கர் மட்டுந்தான் மேடம்" என்றார்.

டிங்கர், இவர் வேலை பார்க்கும் கார் பட்டறையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவன். அவன் தட்டி முடித்ததும் இவர் பெயிண்ட் அடிப்பார். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் போதை ஊசி போட்டுக்கொள்வார்களாம், ஒரே ஊசியில். இவருக்கு எச்.ஐ.வி. அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்றார் ஆலோசகர்.

நானோ ஒரு பொம்பளையைத் தேடிக்கொண்டிருந்தேன். பட்டறை வெக்கையில் எல்லாரும் பனியனோடு நிற்க, இவர் மட்டும் முழுக்கைச் சட்டை கேட்டார். எவளுக்காக இந்த மினுக்கு என்று வயிறு எரிந்தது. தையற்காரி இல்லையா, எரிந்துகொண்டே தைத்தும் கொடுத்தேன். காலரை மோந்து பார்த்தேன், தோளில் நீள முடி தேடினேன். மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றி முழங்கை மடிப்பைப் பார்க்கத் தோன்றவேயில்லை.

இத்தனைக்கும் எச்சில் பார்க்கிற மனுஷர். நான் ஒரு வாய் குடித்த டம்ளரைக் கழுவாமல் தொடமாட்டார். அவனோடு மட்டும் ரத்தம்வரைக்கும் பங்கு.

"உங்களுக்கு இல்லம்மா" என்றார் ஆலோசகர் என்னிடம். "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடுவோம். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம வேணாம். இவருக்கு இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். விடாம சாப்பிட்டா நல்லாவே இருப்பாரு."

இவர் என் பக்கம் திரும்பவில்லை. "டிங்கருக்கு இருக்குமா மேடம்?" என்றார்.

எனக்காக ஒரு 'அப்பாடா' கூட இவர் வாயிலிருந்து வரவில்லை.

"சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

பஸ் நிறுத்தத்தில் இவர் அழ ஆரம்பித்தார். "நான் எப்படிச் சொல்லுவேன்? அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கையப் புடிச்சுக் குத்தி விட்டேன்."

"நீங்க என்னக் கட்டிக்கிட்டீங்களா, அவனக் கட்டிக்கிட்டீங்களா?" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இவரை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு நான் பட்டறைக்கு நடந்தேன். இவர் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டிங்கர் ஒரு கதவின் முன்னால் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பில் நீல முழுக்கைச் சட்டை. பெயிண்ட் கொட்டிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று இவர் சொன்ன அதே சட்டை. கைப்பட்டியில் என் தையல். அப்படியே திரும்பிப் போய்விடலாம், இவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் முதலில் தோன்றியது.

"வாங்க அண்ணி. அண்ணன் ஏன் இன்னைக்கு வரல?" என்று எழுந்தான்.

"உன் பொண்டாட்டிக்கு எத்தன மாசம்?"

"ஆறு அண்ணி. ஏன்?"

"கையக் காட்டு."

அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான். நான் எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். சுத்தியல் கீழே விழுந்தது. அதன்பிறகு அவன் இழுக்கவில்லை. நான் தைத்த பட்டன் லேசில் கழலாது. நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கித்தான் முடிவேன். அவன் கை நடுங்கியதில் அது என் விரலில் இருந்து நழுவி நழுவிப் போனது.

"ஆடாம நில்லுடா" என்றேன்.