நின்ஹெதுவுக்குப் பதிலாக நின்ற கல்

பழங்காலச் சுமேரியாவின் எரிது நகரத்தில் என்கி சாமிக்குப் புதிய அடுக்குக் கோபுரம் எழும்பப் போகிறது என்று ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. நின்ஹெதுவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கோயிலை இடிக்க மாட்டார்களாம். சாமி இருந்த இடமாயிற்றே. உள்ளே செங்கல்லை அடைத்து மூடி, அதன்மேல் கோபுரத்தைக் கட்டுவார்களாம். அந்தப் பழைய கோயிலுக்குள்தான் அவளுடைய கல் நின்றது.

முழ உயரம்கூட இல்லாத பெண் உருவம். கைகளை மார்பில் கோத்து, கண்ணை அகலத் திறந்து சாமியையே பார்த்துக்கொண்டிருக்கும். கிழக்கு மலைக்குப் படையோடு போன புருஷன் ஷேஷ்கல்லா உயிரோடு திரும்ப வேண்டும் என்று, கையில் இருந்த கம்பளித் துணியெல்லாம் கொடுத்துச் செய்வித்தது. பொழுதுக்கும் நெசவுக் கொட்டடியில் கிடப்பவள் கோயிலில் எங்கே போய் நிற்பது? அவளுக்குப் பதிலாகக் கல் நின்று வேண்டிக்கொண்டது. ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

பூசாரி லுபாவைப் போய்ப் பிடித்தாள்.

"சாமி, என் கல்லை மட்டும் வெளிய எடுத்துக் குடுங்க."

"குடுத்தது குடுத்ததுதாம்மா. அது இப்ப என்கியோட சொத்து. எடுத்தா தெய்வக் குத்தம்."

"அப்ப நீங்களே மேல புதுக் கோயில்ல கொண்டு போய் வையுங்க."

"மேல ராஜா சிலைக்கு மட்டும்தான் இடம்."

"ராஜா சிலை என்ன, காலை நீட்டிப் படுத்துக்கவா போகுது? பக்கத்துல ஒரு சாண் இருக்காதா?"

பூசாரி சிரிக்கவில்லை. "அடைச்சு மூடினாலும் சாமிக்குக் கண்ணு தெரியும்மா."

"சாமிக்குத் தெரியும். என் கல்லுக்குத் தெரிய வேண்டாமா? செங்கல்லைப் பாத்துக்கிட்டு அது யாரை வேண்டிக்கும்?"

படையல் நேரமாகிவிட்டது என்று அவர் நழுவிவிட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

போதாக்குறைக்கு, நெசவுக்காரிகளையும் செங்கல் சுமக்க இழுத்தார்கள். அவள் வரிசையை அனுப்பியதோ அந்தப் பழைய கோயிலை அடைக்கத்தான். ஊராரின் கல் உருவங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தன் மூலைக்கு மட்டும் அவள் யாரையும் விடவில்லை.

"தங்கச்சி, அந்த மூலை இன்னும் காலியா கிடக்கே," என்றார் மேஸ்திரி உர்நிகர்.

"கடைசியில பாத்துக்கலாம் அண்ணே."

கடைசியும் வந்தது. வேறு யார் கையும் படக் கூடாதென்று அவளே அடுக்கினாள். முகத்துக்கு நேரே வைக்க வேண்டிய செங்கல்லில் ராஜாவின் பெயர் முத்திரை குத்தியிருந்தது. இந்த மனுஷன் பெயரையா அது காலத்துக்கும் பார்க்க வேண்டும்? ஆத்திரத்தோடு செங்கல்லைத் திருப்பி வைத்தாள். பிறகு அழுகை வந்தது. சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சுமை வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கூடையை இறக்கி வைத்தாள். அடைத்த வாசலைப் பார்த்து நின்று, கைகளை மார்பில் கோத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, நடு வழியில நின்னா எப்படி?" உர்நிகர் ஓடி வந்தார். "கூடையை எடு. இல்லேன்னா இன்னைக்கு உனக்குக் கூலி பார்லி கிடையாது."

"வேண்டாம் அண்ணே. செங்கல் தூக்க ஊர்ப்பட்ட ஆள் இருக்கு. எம் புருஷனுக்காக இங்க நிக்கத்தான் ஆள் இல்லாம போச்சு."