குழாயில் கை

மாட்டுக்கொட்டகைக்குக் கொழுந்தன்தான் கரண்ட் இழுத்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று மூத்த மருமகள் சொன்னபோது, "ரெண்டு ஒயரை முறுக்கத் தெரியாதா எனக்கு?" என்று சிரித்தான். அடுத்த மழையில், இரண்டு பசுக்களில் சினையாக இருந்த பசு தண்ணீர்த் தொட்டியருகே விழுந்து செத்தது. "அண்ணி பூஞ்சை பிடிச்ச தீவனத்தப் போட்டுட்டாங்க" என்று ஊரெல்லாம் சொன்னான். புருஷன் நம்பினான். மாமியார் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து கொழுந்தன் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கொட்டகைக்குள் நுழைவதில்லை என்பதை அவள் கவனித்தாள். ஒருநாள் எல்லாரும் வெளியே போயிருந்தபோது எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தாள். அவர் தொட்டிக் குழாயில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"எர்த் கம்பியே போடலயேம்மா! தண்ணி மோட்டார்ல கசியிற கரண்ட் மண்ணுக்கு இறங்காம மொத்தமும் குழாய்க்கு வருது."

"ஃபியூஸப் பிடுங்கி எங்கிட்ட குடுங்க. சாயங்காலம் வந்து வேலையப் பாருங்க."

சாயங்காலம் வீடே கொட்டகையில் கூடியிருக்க, மோட்டார் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, பூட்ஸக் கழட்டிட்டு அந்தக் குழாயத் திறங்க."

அவன் முகம் வெளுத்தது. "எதுக்கு அண்ணி?"

"தீவனத்துல செத்த மாடுதானே? குழாய் என்ன பண்ணிடும்?"

"திறயேன்டா, இதுல என்ன?" என்றாள் மாமியார், ஒன்றும் புரியாமல்.

அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். அவள் சுவிட்சைத் தட்டினாள். அவன் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்து சாணியில் உட்கார்ந்தான். "மாடு விழுந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது!"

முந்தானையில் முடிந்திருந்த ஃபியூஸை அவிழ்த்து அவன் மடியில் எறிந்தாள். "இப்ப அதுல கரண்டே இல்ல."



எர்த் குழியைக் கொழுந்தனையே தோண்ட வைத்தாள். ஆறடி போதும் என்றார் எலெக்ட்ரீஷியன். "எட்டடி தோண்டட்டும்" என்றாள். "போதும், விடு" என்றான் புருஷன். "என்னைப் பேசினப்ப யாரும் போதும்னு சொல்லலயே?" என்றாள். செம்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார்கள்.

கிளம்பும்போது எலெக்ட்ரீஷியன் அவளிடம் மட்டும் சொன்னார்: "டிரிப் சுவிட்சும் போட்டிருக்கேன். துளி கசிஞ்சாலும் தானா விழுந்து கரண்ட நிறுத்திடும். இனி பயமே இல்ல."

அதை அவள் கொழுந்தனிடம் சொல்லவேயில்லை. தினமும் காலையில் மிச்சமிருக்கும் பசு தண்ணீர் குடிக்கும் முன், அவன் வெறுங்காலோடு வந்து குழாயைத் தொட வேண்டும். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒற்றை விரலால் தொடுவதை, டீயை ஆற அமரக் குடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.