உப்புப் பார்க்க வந்தவன்

ஐயாதுரைக்கு வேலை கொடுக்க ராஜபாளையத்தில் யாருக்கும் மனம் இல்லாமல் இல்லை; தைரியம்தான் இல்லை. மில் வாசலில் மேஸ்திரி அன்பாகவே பேசினார். சொந்த ஊர் சுந்தரபாண்டியம் என்றதும் சொந்தம்கூடக் கொண்டாடினார். போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று கேட்டுப் பதில் வந்ததும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. குடிபோதையில் சாராயக்கடையில் ஒருவன் மண்டையை உடைத்துப் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனவன் ஐயாதுரை. வெளியே வந்தும் குடித்தான். அக்கா தங்கபாய்தான் அழுது புரண்டு அவனை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தெளிய வைத்தாள். குடி போனது, கேஸ் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணச் சமையல் செய்யும் சேக் முகைதீன் மட்டும் சிறைக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, சரி வா என்றார். அவருக்கும் ஒரு நெருக்கடி. மறுநாள் ரமலான் தொடங்குகிறது. பள்ளிவாசலில் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அவரும் கூட்டாளிகளும் நோன்பாளிகள். பொழுது சாயும்வரை நாக்கில் எதையும் வைக்க மாட்டார்கள். உப்புப் பார்த்துச் சொல்ல நோன்பில்லாத ஒருவன் வேண்டும். வழக்கமாக வருகிறவன் சேத்தூருக்குக் குடிபோய்விட்டான். விறகு தள்ளு, கஞ்சி கிண்டு, உப்புப் பார்; பெருநாள்வரை ஒத்துவந்தால் அப்புறமும் என்னோடு இரு என்றார் பாய்.

ஐயாதுரை ஒன்றை மட்டும் சொல்லவில்லை. குடிப் பக்கம் திரும்பாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த, மீறிக் குடித்தால் குடலைப் புரட்டியெடுக்கும் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் போட்டதிலிருந்து எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருந்தது.

முதல் நாள் கஞ்சி கொதித்துத் தேங்காய்ப்பாலும் ஊற்றியாயிற்று. பாய் கரண்டியை நீட்டினார். ஐயாதுரை ஊதிக் குடித்தான். அதே ஆணி. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். "சரியா இருக்கு பாய்" என்றான், பெரிய சமையல் புலி மாதிரி.

பாயோ அன்று உப்புப் போடவே மறந்திருந்தார். பாங்கு சொன்னதும் பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் ஆவலாகக் கஞ்சியில் வாய் வைத்தார்கள். ஒருவரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒரு பெரியவர் மட்டும் ஊறுகாய் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஐயாதுரைக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் மாத்திரையைப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மாத்திரையை விட்டால் நாக்கு திரும்பும், வேலையும் நிலைக்கும் என்று கணக்குப் போட்டான். பஸ் ஸ்டாண்டு தாண்டுகையில் பிராந்திக்கடை முன்னால் கால் தானாக நின்றது. மாத்திரைதான் போடவில்லையே என்று மனசு குசுகுசுத்தது. காலைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசலுக்கு வந்து, மாத்திரையைப் பாய் கையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினான்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்லாலே."

"சொன்னா வேலை போயிரும்னு பயந்துட்டேன் பாய்."

பாய் காய்ந்த உதட்டோடு குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினார். "மொதல்ல இதப் போடு. உப்புப் பாக்க ஊருல எம்புட்டோ நாக்கு கெடக்கு. ஒனக்கு உசிரு ஒண்ணுதான இருக்கு."

அந்த மாதம் முழுக்க பள்ளிவாசலுக்கு எதிரே பூக்கட்டும் மாரியாத்தாள் வந்து உப்புப் பார்த்தாள். சும்மா வரவில்லை, முதல் நாள் கஞ்சியைச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்கினாள். ஐயாதுரை சிரித்துக்கொண்டே கிண்டினான். பெருநாளன்று பாய் அவனுக்குப் புதுச்சட்டை கொடுத்து, நாளைக்குக் கல்யாண வீடு, வெள்ளெனவே வந்துவிடு என்றார். ஐயாதுரை அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதான்.

அடுத்த ரமலானுக்குள் டாக்டர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். முதல் நாள் மாரியாத்தாள் வழக்கம்போல வந்து நின்றாள். பாய் கரண்டியை ஐயாதுரை பக்கம் நீட்டினார்.

அவன் கண்ணை மூடிக் குடித்தான். "ஒரு கை கொறையுது பாய்."

பாய் உப்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளினார். "நீயே போடு."

அன்று பாங்கு சொன்ன பிறகு யாரும் ஊறுகாய் கேட்கவில்லை.