எந்தக் குழாய் என்று யாரும் கேட்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பச்சைப் பட்டாணிக் குவியலுக்கு முன்னால் கிடைத்தது. புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டுக்கார அம்மா பிலிஸ். ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் பட்டாணி மலிவாகக் கிடைக்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்து உரிப்பார். ஒருநாள் நானும் உட்கார்ந்து கை கொடுத்தேன். அப்போது சொன்னார்:

"நான் சேர்ந்து செஞ்ச முதல் புரோகிராமை ஒருத்தர்கூட யூஸ் பண்ணலே, தெரியுமா? அன்னிக்கு வந்த குஷி மாதிரி எனக்கு அப்புறம் வந்ததே இல்லே."

உழைப்பு வீணானதற்கு ஒருவர் ஏன் சந்தோஷப்பட வேண்டும்? கேட்டேன். பட்டாணி தீரும்வரை சொன்னார். மீதி என்னுடையது. எது அவருடையது, எது என்னுடையது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் சொல்வேன் என்று நம்பிவிட வேண்டாம்.

(கதை நடந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. ஆகவே இனி 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். அனுமதி வாங்கிவிட்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1987ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், புனே நகரம் ஒரு புதிய யுகத்தின் வாசலில் நின்று—"

அடித்துவிட்டேன். எந்த யுகமும் யார் வாசலிலும் நிற்கவில்லை. பிலிஸுக்கு அன்று கடுமையான ஜலதோஷம், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு குழந்தை சாகப்போகிறது என்று பிலிஸுக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது."

இது வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கும். ஆனால் அந்தப் பயம் உங்களுக்கு வருமுன் பிலிஸை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிதானமாகவே போவோம்.

பிலிஸின் குடும்பம் பாளையங்கோட்டைப் பக்கம். தாத்தா காலத்திலேயே புனேயில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய கேம்ப் பகுதிக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஹெர்பர்ட் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடையில் மராத்தி, கோபம் வந்தால் மூன்றும். பி.எஸ்ஸி முடித்ததும் கணினிப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அதில் ஒரு தாள், மென்பொருள் பொறியியல் அறிமுகம். நடத்தியவர் விஸ்வேஸ்வரன். ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே வகுப்புக்கு வந்துபோனவர்.

எல்லோரும் முதல் நாளே விசைப்பலகையில் கை வைக்கலாம் என்று வந்திருந்தார்கள். அவரோ, "இப்போதைக்கு டெர்மினல் பக்கம் யாரும் போகவேண்டாம். வெளியில போய் யாருக்காவது என்ன வேணும்னு கேட்டு எழுதிட்டு வாங்க" என்றார். வகுப்பு முணுமுணுத்தது. கேட்பதற்கா ஃபீஸ் கட்டிச் சேர்ந்தோம்?

இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். பிலிஸுக்கு வாய்த்த ஜோடி விச்சு. மனிதர்களிடம் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் வியர்த்துவிடும் அவனுக்கு. இயந்திரத்திடம் நாள் முழுக்கப் பேசுவான். ஆகவே கேட்பதும் எழுதுவதும் அவள், நிரல் அவன் என்று பிரித்துக்கொண்டார்கள்.

கேம்ப்பில் அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. (பெயர் வேண்டாம்.) அங்கே குழந்தைகள் வார்டு டாக்டர் ஜார்ஜ். ஆஸ்பத்திரிக்கு யாரோ ஒரு சின்னக் கம்ப்யூட்டரை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வயிற்றுப்போக்கில் வாடி வரும் குழந்தைகளுக்கு டிரிப் ஏற்ற வேண்டும். குழந்தையின் எடையை வைத்து நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போட வேண்டும். மழைக்காலத்தில் வார்டு நிரம்பி வழியும்போது நர்ஸுகளுக்கு இதே வேலை. "இதை மெஷின் போட்டுக் கொடுத்தா எவ்வளவு நல்லாருக்கும்!" என்றார் டாக்டர்.

பிலிஸ் கேட்டாள், கேட்டாள், அப்படிக் கேட்டாள். எடை, வயது, எவ்வளவு வாடியிருக்கிறது, எந்தத் திரவம், எத்தனை மணி நேரம். அழகாக டைப் அடித்து பைண்டு பண்ணினாள். விச்சு நிரலை எழுதினான். இருவரும் பத்துப் பதினைந்து கணக்குகளைக் கையால் போட்டுச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

3

அடுத்து விஸ்வேஸ்வரன் ஒரு வேலை செய்தார். ஒரு ஜோடி எழுதியதை இன்னொரு ஜோடியிடம் கொடுத்து, குற்றம் கண்டுபிடிக்கச் சொன்னார். பிலிஸ் எழுதியது இஸ்மாயில் கைக்குப் போனது. ஆம்பூர்க்காரன், அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான்.

"ஏன் பிலிஸ், சொட்டு சொட்டுன்னு போட்டிருக்கியே, எந்தக் குழாயில விழுற சொட்டு?"

"டிரிப் குழாய்தான். வேற எது?"

"அதான் எதுன்னு கேக்குறேன். எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ பாத்துக்கினே இருந்தேன். அவங்களுக்கு மாட்டுனதுல சொட்டு பெருசு பெருசா வுழும். பக்கத்துக் கட்டில்ல ஒரு கொழந்தைக்கு வேற குழாய். குண்டூசித் தலை மாதிரி பொடிச் சொட்டு. ரெண்டுக்கும் ஒரே நம்பரா?"

"பொடிச் சொட்டுக்குத்தான் நாங்க கணக்குப் போட்டிருக்கோம்" என்றான் விச்சு. "குழந்தைகள் வார்டுதானே!"

"எப்பவும் அந்தக் குழாய்தான் இருக்கும்னு யார் சொன்னாங்க?"

விச்சு பிலிஸைப் பார்த்தான். பிலிஸ் தன் தாள்களைப் பார்த்தாள். அதில் அது இல்லை. டாக்டர் மாதிரிக்கு எடுத்துக் காட்டியது ஒரு மெல்லிய குழாய். இதுதான் குழாய் போலிருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை.

(விஷயம் இவ்வளவுதான்: மெல்லிய குழாயில் அறுபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. தடித்த குழாயில் இருபது சொட்டிலேயே ஒரு மில்லி இறங்கிவிடும். மெல்லியதற்குச் சொன்ன எண்ணைத் தடித்ததில் வைத்தால் குழந்தையின் உடம்புக்குள் மூன்று மடங்கு தண்ணீர் போகும். பெரியவர்களே திணறுவார்கள்.)

விஸ்வேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "நல்லவேளை, இங்கேயே பிடிபட்டது" என்றார். பிறகு, "இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலையே?"

விச்சுதான் வாயைத் திறந்தான். "போன வாரமே கொடுத்துட்டேன் சார். டாக்டர் ரொம்ப ஆசையா கேட்டார்."

விஸ்வேஸ்வரனின் முகத்தில்— (அவர் முகத்தை மூன்று விதமாக வர்ணித்துப் பார்த்தேன். மூன்றும் சினிமா. பிலிஸ் சொன்னதையே தருகிறேன்: "சார் கையில இருந்த சாக்பீஸை வாயில வெச்சுக்கிட்டார், சிகரெட்னு நெனச்சு.")

அவரும் பயந்திருந்தார். ஆஸ்பத்திரியில் செய்யப்படும் புராஜெக்ட் இது என்று அவர் மேலே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. துறைத்தலைவர் அறையில் டெலிபோன் இருந்தது, டயலில் பூட்டோடு. சாவி தேடி, திறந்து, சுழற்றினால் ஆஸ்பத்திரி லைன் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு.

பிலிஸ் அதற்குள் படியிறங்கிவிட்டாள், பின்னாலேயே விச்சுவும்.

4

அவளிடம் ஒரு லூனா மொபெட் இருந்தது. அந்தக் காலத்துப் புனேயில் ஒரு பெண் லூனாவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெண் ஓட்ட, பின்னால் ஓர் ஆண் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போனால் பார்ப்பார்கள். சிவாஜிநகர் முழுக்கப் பார்த்தது.

"நீ கேட்டிருக்கணும்" என்றான் விச்சு, அவள் காதருகே.

"நீயும்தான் கேட்டிருக்கலாம்."

"அது உன் வேலை."

"கொடுக்கிறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்றது உன் வேலை இல்லையா?"

சங்கம் பாலத்து ஏற்றத்தில் லூனா இருமியது. விச்சு சொல்லாமலே குதித்து, பக்கத்தில் ஓடிவந்தான். சட்டையெல்லாம் மழை. ஓடிக்கொண்டே மூச்சு வாங்க, "எனக்கும் பயமா இருக்கு பிலிஸ்" என்றான். அவனிடமிருந்து வந்த முதல் மனிதத்தனமான வாக்கியம் அதுதான் என்று பட்டாணி உரித்தபடி பிலிஸ் சொன்னார்.

ஒரு வாரம். எத்தனை குழந்தைகள் வந்திருக்கும்? மழைக்காலம். வார்டு நிறைந்திருக்கும். பைண்டு பண்ணிக் கொடுத்த தாள்களின் அட்டையில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அப்படித்தான் வேண்டுமென்று அவளே கேட்டு வாங்கியது. ஆனால் ஸ்டேஷனைத் தாண்டும்போது அட்டை, பெயர், படிப்பு எல்லாம் மனசிலிருந்து உதிர்ந்துவிட்டன. குழாயின் நடுவிலுள்ள கண்ணாடிக் குமிழில் விழும் சொட்டு மட்டும் கண்ணில் நின்றது.

5

வார்டுக்குள் நுழைந்ததும் முதல் கட்டில். ஒரு பெண் குழந்தை. ஊசி நகராதபடி கையில் கட்டை வைத்துக் கட்டியிருந்தது. குமிழில் சொட்டு பெரிது பெரிதாக விழுந்தது.

தடித்த குழாய்.

"சிஸ்டர்! அதை நிறுத்துங்க!"

நர்ஸ் ஜோசபின் திரும்பினாள். திருச்சிப் பக்கத்துக்காரி, பிலிஸுக்குப் போன தடவையே பழக்கம். "ஏய், என்ன சத்தம்? வார்டு இது. ஓ, கம்ப்யூட்டர் பொண்ணா? என்ன இப்படி நனைஞ்சுபோய் வந்து நிக்கிற?"

"இந்த ஸ்பீடு... இது எங்க புரோகிராம் சொன்னதா?"

"எந்தப் புரோகிராம்?"

"டாக்டர்கிட்ட விச்சு கொடுத்தானே, ஃப்ளாப்பி!"

"அதுவா? அந்த மெஷினை யாரு தொட்டா? சூப்பரிண்டெண்டன்ட் ரூம்ல உறை போட்டு மூடி வெச்சிருக்காங்க. ஏசி மாட்டுனப்பறம்தான் திறக்கணுமாம். ஏசி லாரியில வந்துக்கிட்டே இருக்குன்னு மாசக்கணக்கா சொல்றாங்க. இது நான் கையால போட்ட கணக்கு. டாக்டரும் பாத்துட்டாரு."

"ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கலையா?" என்றான் விச்சு.

"இல்லப்பா."

"சும்மா டெஸ்ட்டுக்குக்கூட?"

"ஒரு தடவைகூட இல்லங்கறேன்."

விச்சுவின் முகம் சுருங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தாள் பிலிஸ். இந்த நேரத்திலும் அவனுக்கு மனசு புண்பட்டிருக்கிறது! அதைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ அவிழ்ந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. வீணாய்ப்போன உழைப்பே, நீ நன்றாயிரு! உறை போட்டு மூடிய மகராசனே, நீயும் நன்றாயிரு!

அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்தான். அதுவரை அவன் அங்கே குந்தியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை. சிஞ்ச்வட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை. பெயர் கலியன்.

"சிரிக்கிறீங்களே மேடம்" என்றான். அவன் முகமும் சிரிக்கத் தயாராக இருந்தது. "எம்பொண்ணுக்கு சரியாயிடிச்சா?"

6

ஓர் உண்மை சொல்ல வேண்டும். கலியன் பிலிஸ் சொன்னதில் இல்லை.

"யாரோ பாத்தாங்க, எனக்கு வெக்கமாப் போச்சு" என்று மட்டும்தான் சொன்னார். அந்த 'யாரோ'வை நான் அப்பாவாக்கினேன். காக்கிச் சட்டை மாட்டினேன். பெயர் வைத்தேன். பிறகு எனக்கே சந்தேகம்: கதையைக் கண்ணீரால் நனைப்பதற்காக ஓர் ஏழைத் தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்துகிறேனோ? ஒரு பிரதியில் அவனை எடுத்தே விட்டேன். எடுத்துவிட்டுப் படித்தால் பிலிஸ் வேறு ஆளாகிவிடுகிறாள். தப்பித்தோம் என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண். அவள் அவ்வளவு தூரம் லூனாவை விரட்டிக்கொண்டு வந்தது தப்பிப்பதற்காக இல்லை.

அதுவுமில்லாமல் அவன் கேள்வி கேட்டுவிட்டான். கேட்டவனைப் பதில் சொல்லாமல் அழிப்பது எப்படி?

பிலிஸின் சிரிப்பு நின்றது. எழுந்தாள். "தெரியலே அண்ணா" என்றாள். "நான் சிரிச்சது வேற எதுக்கோ. மன்னிச்சுக்குங்க. இருங்க, கேட்டுச் சொல்றேன்." ஜோசபின் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், பாப்பா எப்படி இருக்கா?"

"நேத்து அழுதா கண்ணுல தண்ணியே வரலே. அவ்வளவு வறண்டு கெடந்தா" என்றாள் ஜோசபின். "இன்னிக்குப் பாரு, ஊசி மாத்தறப்ப பொலபொலன்னு கண்ணீர். ஒண்ணுக்கும் போயிட்டா. இனிமே பயமில்ல."

கலியன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பிலிஸுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கட்டும்.

7

டாக்டர் ஜார்ஜ் ஃப்ளாப்பியை உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். குழாய் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மெல்லிய குழாய் அடிக்கடி தீர்ந்துபோகும், அப்போது தடித்ததைத்தான் மாட்டுவோம் என்றார். தனக்கு அது அவ்வளவு பழகிப்போன விஷயம், சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை என்றார். வாசலில் ஒரு ரிக்‌ஷாவிலிருந்து விஸ்வேஸ்வரன் பாய்ந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் இருவருக்கும் ஈரானி கடையில் டீயும் வெண்ணெய் தடவிய பன்மஸ்காவும் வாங்கித் தந்தார். விச்சு இரண்டு பன் தின்றான்.

இரண்டு வாரத்தில் திருத்திய நிரல் தயார். திரையில் வரும் முதல் கேள்வியே, எந்தக் குழாய்? அதற்குப் பதில் கொடுக்காவிட்டால் மேலே நகராது. இந்த முறை பிலிஸே அதை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ஏசியும் வந்து சேர்ந்திருந்தது.

ஜோசபின் அவளைத் தனியே கூப்பிட்டாள். "எனக்கு இது வேணும்மா. கூட்டமா இருக்கற நாள்ல கணக்கு தப்பிடுமோன்னு பயமா இருக்கு. ஆனா ஒண்ணு. எல்லாம் கேட்டாச்சு, இதுல தப்பே வராதுன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா?" பேனாவை நீட்டினாள்.

இங்கே பட்டாணி தீர்ந்துவிட்டது. குக்கர் விசிலடித்தது. பிலிஸ் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். அந்த இயந்திரம் ஆறு மழைக்காலங்கள் ஒழுங்காக உழைக்கிறது. இன்னொன்றில் பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறாள்: "தப்பே வராதுன்னு என்னால எழுத முடியாது சிஸ்டர். நீங்களும் கையால போடுங்க, மெஷினும் போடட்டும். ரெண்டும் ஒத்துப்போனா வைங்க." ராத்திரி படித்தால் முதலாவது எனக்குத் தைரியமாகத் தெரிகிறது, காலையில் படித்தால் இரண்டாவது. மூன்றாவது ஒன்றும் இருக்கலாம். நீங்கள் அந்தப் பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும்.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கை வைக்க விடமாட்டேன். முதல் கட்டில் காலியாகிவிட்டது. பாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், சிஞ்ச்வட் போகும் லோக்கல் ரயிலில், அப்பாவின் தோளில், பக்கத்தில் நின்ற ஒரு கிழவரின் தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே.